சொல்வதும் படிப்பதும் பாடுவதும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறேன். பகலில் வயல், புதன்கிழமை பொழுதுபட்டால் வேதபாடம். நான் போதகர் இல்லை. எங்கள் சின்னச் சபைக்குப் போதகர் வர முடியாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வேன், பாட்டும் எழுதுவேன். மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமிருந்து இளம் பிள்ளைகள் போன் எடுத்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். மற்ற சபைகளில் வேறு வழக்கம் இருக்கலாம். இது நான் நடந்து பழகிய வழி.

இயேசுவைப் பற்றி அயலவருக்குச் சொல்ல ஆசை. எங்கே தொடங்குவது?

அவர் சொல்வதைக் கேட்பதில் தொடங்குங்கள். நான் இதைப் பிழைவிட்டுத்தான் படித்தேன். மீள்குடியேறிய புதிதில், 2011இல், எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தகரக் கொட்டில், முற்றத்தில் நாலைந்து மிளகாய்க் கன்று. நான் சந்தோஷத்தைப் பற்றி முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பேச்சு ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிளேன்ரீயை என் பக்கம் நகர்த்தி வைத்து, "தம்பி, நீர் வாசிச்சது நல்லாத்தான் இருக்கு. அந்தப் புத்தகத்தில அழுற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். அவருடைய மூத்த மகன் 2009 ஏப்ரலிலிருந்து காணாமல் போனவர். அது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். இருவரும் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அடுத்த கிழமை 13ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறே வசனம். அதில் 'எதுவரைக்கும்' என்று கடவுளைப் பார்த்து நாலு தரம் கேட்கிறான் தாவீது. வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர்தான் கதைத்தார், இருட்டும் வரைக்கும்.

லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்குப் போகும் இரண்டு பேரோடு இயேசு சேர்ந்து நடக்கிறார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படி இருந்தும், நீங்கள் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று அவர்களையே சொல்ல வைக்கிறார். வேதவாக்கியங்களை விளக்குவது அதற்குப் பிறகு. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பிழைவிட்டது வாயைத் திறந்த பிறகுதான்.

வேதபாடத்தை எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

எங்கள் பகுதியில் என்றால் ரூத். நாலே அதிகாரம், ஒரு மாதத்தில் முடிக்கலாம். பஞ்சம் வந்து ஊரை விட்டுப் போன குடும்பம். போன இடத்தில் கணவன் செத்துப் போகிறான், பிறகு இரண்டு மகன்மாரும் போகிறார்கள். பத்து வருடம் கழித்து நகோமி வெறுங்கையோடு பெத்லெகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் இவள் நகோமிதானா என்று கேட்க, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. இந்த இடத்தில் எங்கள் முற்றத்தில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஏ9 வீதியால் பஸ்ஸில் திரும்பி வந்து தங்கள் காணியைப் பற்றைக்குள் தேடிய ஆக்கள் அவர்கள்.

பிறகு ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அருவி வெட்டுக்குப் பின்னால் போய்க் கதிர் பொறுக்கிய அனுபவம் வயதான பெண்களுக்கு நிறைய உண்டு. இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அந்தப் பெண்களையே சொல்லச் சொல்லுங்கள். வயல்காரன் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுப் போனால் எப்படித் தெரியும், விரட்டினால் மனம் எப்படி இருக்கும் என்றெல்லாம் அவர்கள் சொல்வது எந்த விளக்கவுரையிலும் கிடைக்காது.

அதன் பிறகு மாற்கு. சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம், கதை வேகமாக நடக்கும். இடையிடையே சங்கீதங்கள். 126ஆம் சங்கீதத்தில் கண்ணீரோடு விதைக்கிறவர்கள் என்று வருகிறது. விதைக்கிறபோது ஏன் அழ வேண்டும் என்று நான் பல வருடம் யோசித்ததில்லை. ஒரு பெரியவர்தான் சொல்லித் தந்தார்: "வீட்டில பிள்ளைகள் பசியோட இருக்கேக்கை விதைநெல்லைக் கொண்டுபோய் மண்ணில கொட்டிப் பார், அப்ப விளங்கும்." மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த முதலாவது காலபோகத்தில், அதாவது மாரி நெல் விதைப்பில், அவர் அதைத்தான் செய்தவர்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க வேண்டாம். கேட்பார்கள், ஆர்வமாகவும் இருப்பார்கள். ஆனாலும் வேண்டாம்.

எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது? பழைய தமிழ் பிள்ளைகளுக்கு விளங்குதில்லை.

இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபைகளில் ஆராதனைக்கு வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் திருத்திய மொழிபெயர்ப்பு, 1871இல் முழுமையாக வந்தது. அதன் ஓசை மனப்பாடத்துக்கு நல்லது, முதியவர்களின் நாவில் அதுதான் இருக்கிறது. பொருள் விளங்குவதற்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வையுங்கள். கத்தோலிக்க அயலவர்களிடம் அது இருக்கும், கேட்டால் தருவார்கள். அப்படி இரவல் வாங்கப் போய்த்தான் எங்கள் ஒழுங்கையில் இரண்டு சபையாருக்கும் நடுவே கதை பேச்சு தொடங்கியது.

தமிழ் வேதாகமத்தின் பின்னால் உள்ள உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தவர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பீற்றர் பேர்சிவல் தலைமையில் நடந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதன் தமிழைச் செப்பம் செய்தவர் ஆறுமுக நாவலர். அவர் சைவத்தை விட்டு அசையாதவர், கிறிஸ்தவப் பிரசாரத்தை எதிர்த்து எழுதியவரும் கூட. அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வேதத்துக்கு நல்ல தமிழ் வேண்டும் என்று உழைத்திருக்கிறார். அயலவரின் சமயத்தைப் பற்றி ஒரு இளைஞன் தாழ்வாகக் கதைத்தால் நான் இதை எடுத்துச் சொல்வேன்.

வாசிக்கத் தெரியாதவர்கள், கண் மங்கியவர்கள் வந்தால்?

ஒருவர் சத்தமாக இரண்டு தரம் வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கதையை யாராவது தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். விடுபட்டதை மற்றவர்கள் சேர்ப்பார்கள். எழுத்துத் தெரியாத ஆச்சிமார்தான் இதில் கெட்டிக்காரர்கள்.

எந்த நேரம் கூடலாம்? யார் வீட்டில்?

விதைப்புக்கும் வெட்டுக்கும் நடுவே. ஐப்பசி மழை தொடங்கினால் சனம் வயலில்தான் நிற்கும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. அந்தக் கிழமைகளில் ஆள் வரவில்லை என்று மனம் சோர வேண்டாம், நீங்களும் போய் ஒரு கை கொடுங்கள்.

வீடு தெரிவு செய்வது இதைவிட முக்கியமான விஷயம். எல்லாச் சாதி ஆக்களும் கூச்சமில்லாமல் படலையைத் திறந்து உள்ளே வந்து, ஒரே மாதிரிக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கக் கூடிய முற்றமாக அது இருக்க வேண்டும். அப்படி இல்லாத வீட்டில் எவ்வளவு பெரிய விறாந்தை இருந்தாலும் கூட வேண்டாம். அதைவிட மர நிழல் நல்லது. எங்கள் கிராமத்தில் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பாதிக்குக் கிட்ட இருக்கின்றன. அவர்கள் யாத்திராகமத்தை வாசிக்கும்போது தாத்தா, பாட்டி நடந்து வந்த கதையும் சேர்ந்து வரும். அவர்களைப் பின் வரிசையில் உட்காரவைத்துவிட்டு விடுதலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? எப்படி ஆயத்தம் செய்வது?

இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து. கேட்கிறவர்கள் விடிய ஐந்து மணிக்கு முன்னமே எழும்பிச் சமைத்து, ஆட்டைக் கட்டிவிட்டு வந்திருப்பார்கள்.

ஒரு வேதப்பகுதியை எடுங்கள். திங்கட்கிழமையே வாசித்துவிட்டு வயலுக்குப் போங்கள், அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பத்து வசனங்களைக் கோர்த்துக் கட்டுகிற பிரசங்கம் ஞாயிறு மத்தியானம் யாருக்கும் நினைவில் இராது.

அடுத்தது எங்கள் பாஷை. இரட்சிப்பு, கிருபை, நீதிமானாக்கப்படுதல் என்று நாங்கள் சரளமாகச் சொல்லும் சொற்கள் சபைக்கு வெளியே இருப்பவருக்கு வேறு நாட்டுச் சொல் போல. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு கதை தேடி வையுங்கள். கிருபைக்கு நான் சொல்லும் கதை தண்ணி முறை. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை அளந்துதான் விடுவார்கள், வாய்க்காலில் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. தன் முறையை நித்திரையில் தவறவிட்ட ஒருவன் விடிய எழும்பிப் பதறிக்கொண்டு வயலுக்கு ஓடுகிறான். போய்ப் பார்த்தால் பாத்தி நிறையத் தண்ணீர். மேல் வயல்காரர் இரவோடு இரவாகத் தன் முறைத் தண்ணீரை இவன் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார், தன் பயிர் வாட. இதைச் சொன்னால் கிருபைக்கு அகராதி தேவைப்படாது. ஒரு வயல்காரனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

எழுதியதை ஞாயிறுக்கு முன் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். என் மனைவி 'இதை விடுங்கோ' என்று சொல்லும் இடங்களை விட்டுவிடுவேன். பெரும்பாலும் எனக்கு மிகவும் பிடித்த இடங்களாகத்தான் அவை இருக்கும்.

ஒலிபெருக்கி?

முற்றத்துக்குத் தேவையில்லை. கூட்டம் பெரிதென்றால் பெட்டியை உள்ளுக்குத் திருப்பி வையுங்கள். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் போடவே வேண்டாம்.

"கடவுள் இருந்தால் முள்ளிவாய்க்காலில் ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்டால் என்ன பதில்?

இதைத்தான் எல்லாரும் பயந்து பயந்து கேட்கிறார்கள். என்னிடம் காரணம் இல்லை. காரணம் தெரியும் என்று சொல்லும் பிரசங்கியார் யாராவது வந்தால் கவனமாக இருங்கள். அது பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொல்ல, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் எழும்பிப் போனதைக் கண்டிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு கொதிக்கும்.

அந்தப் பேச்சுக்கு இயேசுவே மறுப்புச் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். லூக்கா 13ஆம் அதிகாரம். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார். அது யோவான் 9. லாசரு செத்தபோது, அழுத மரியாளுக்கு விளக்கம் எதுவும் சொல்லாமல் தானும் அழுதார்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: எனக்குத் தெரியாது, நானும் அதைக் கேட்கிறேன், அழுத ஒருவரைத்தான் நான் நம்புகிறேன். பிறகு அவர்கள் விரும்பினால் 88ஆம் சங்கீதத்தை வாசிப்போம். அது கடைசி வரைக்கும் வெளிச்சம் வராமல் இருளிலேயே முடிகிற சங்கீதம். அப்படி ஒரு செபமும் வேதத்துக்குள் இடம்பிடித்திருக்கிறது என்று அறிவதே சிலருக்கு மூச்சுவிட்ட மாதிரி இருக்கும்.

யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களைச் சாட்சி சொல்லச் சொல்லலாமா?

அவர்களாக எழும்பினால் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டாம். போனில் பதிவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பவே வேண்டாம். ஒருவரின் காயம் சபையின் விளம்பரம் ஆகக் கூடாது. முன்னாள் போராளிகள், கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் என்று பலரும் ஏற்கெனவே எத்தனையோ விசாரணைகளில் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் போகவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

பெண் தலைமை தாங்கும் வீடுகளுக்கு ஆண்கள் தனியாகப் போகாதீர்கள். ஒரு அக்காவைக் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போது போங்கள்.

"மதம் மாற்ற வந்தனீங்களோ?" என்று கேட்கிறார்கள்.

நேராகப் பதில் சொல்லுங்கள். இயேசுவைப் பற்றி எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பது என் ஆசைதான், அதை ஒளிக்க மாட்டேன். கேட்க விருப்பமில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வேன். நட்பை நிறுத்த மாட்டேன்.

நாட்டின் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தான் தெரிவு செய்யும் மதத்தை உடையவராயிருக்கும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. வழிபடவும் போதிக்கவும் உள்ள உரிமை 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனாலும் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. எங்கள் சனம் ஒரு மூட்டை அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், உலர் உணவுப் பொதிக்குள் கைப்பிரதி வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. வாங்கியவர்கள் அதை மறக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுங்கள், கொடுத்த கையால் அன்றைக்கு வேதத்தைத் தூக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தால் ஒழுங்கையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், ஞாயிறு பாடசாலைக்கு வருகிறதா என்று பார்க்காமல். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் கூட்டிவர வேண்டாம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே போகிறது. அன்றைக்கு அங்கே கைப்பிரதி கொடுக்கலாமா?

கூடாது. நடந்து போகிறவர்களுக்கு வழியில் தண்ணீர் கொடுங்கள்.

பழைய கீர்த்தனைகள் இருக்கும்போது புதுப்பாட்டு ஏன்?

பழையவற்றை நான் விட மாட்டேன். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாமாலைகளோடு நின்றுவிடாமல், எங்கள் இராகத்திலும் தாளத்திலும் கடவுளைப் பாடலாம் என்று காட்டிய பெரிய கவிராயர். பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் திருப்பிப் பாடும் அந்த வடிவம் இன்றும் எங்கள் மூச்சு. கத்தோலிக்க அயலவர்களிடம் அதற்கும் முந்திய செல்வம் உண்டு. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தவர். தபசு காலத்தில் மன்னார்க் கரையோரம் போனால், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கமும் பசாமும் ஒப்பாரி இராகத்தில் கேட்கும். முழங்காலில் நின்றபடி நானும் அழுதிருக்கிறேன்.

அப்படியானால் புதுப்பாட்டு எதற்கு? சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல். எங்கள் சபைகளில் இன்று பாடும் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள், வெற்றியும் ஆர்ப்பரிப்பும்தான் நிறைந்திருக்கும். அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வியைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தும் கேட்கலாம். அழுகிற ஆக்கள் அதற்குள் எங்கே? எனக்குத் தெரிந்து வன்னியில் பாட்டு எழுதுகிறவருக்கு இதைவிட அவசரமான வேலை இல்லை.

பாட்டு எழுத சங்கீதம் படித்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. காது வேண்டும், தமிழ் வேண்டும், கிழித்தெறிய மனம் வேண்டும்.

என்னிடம் வரும் முதல் பாட்டுகளில் பெரும்பாலும் 'மகிமை, வல்லமை, ஜெயம், அபிஷேகம்' என்று சொற்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் நல்ல சொல். ஆனால் யார் எழுதினாலும் அதே பாட்டுத்தான். உங்கள் படலையிலிருந்து தெரியும் ஒரு பொருளைப் பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். 13ஆம் சங்கீதத்தை வைத்து நாங்கள் முற்றத்தில் கட்டிய பாட்டின் பல்லவி இது:

குளம்வற்றிப் போனாலும் கூப்பிடுவேன் – என்
குரல்கேட்கும் நாள்வரைக்கும் காத்திருப்பேன்

சரணம்:

தேடிய பிள்ளையின் பேர்சொல்லி – தினம்
தீபம்போல் எரியுது தாய்நெஞ்சம்
வாடிய முகத்தினைப் பார்ப்பவரே – எம்
வாசலில் வந்தொரு வார்த்தைசொல்லும்

பல்லவி நான் எழுதியது. சரணத்தில் முதலில் 'துன்பத்தில் வாடும் உள்ளம்' என்று என்னவோ எழுதியிருந்தேன். அந்த அம்மாதான், "பேர் சொல்லித்தானே தம்பி நாங்கள் தேடுறம்" என்றார். 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரின் கையில் இருந்தது படமும் பெயரும்தான். அன்றைக்கு முழுச் சரணத்தையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினோம்.

எதுகை, மோனை பற்றிப் பயப்பட வேண்டாம். 'தேடிய–வாடிய' எதுகை, 'தேடிய–தீபம்', 'வாடிய–வாசலில்' மோனை. அவை இருந்தால் புத்தகம் இல்லாமலே சனம் மனதில் வைத்திருக்கும், இருட்டில் கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.

மெட்டில் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: குறிலை இழுக்காதீர்கள். தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும். 'பாவி படும் துயரம்' என்று எழுதிவிட்டு, 'ப'வில் தாளத்தை நிறுத்தி இழுத்தால் 'பாவி பாடும் துயரம்' என்று கேட்கும். 'வரும்' இழுபட்டால் 'வாரும்' ஆகும், வரும் என்று சொல்ல நினைத்தது வாரும் என்ற அழைப்பாகிவிடும். வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழைத் திணிக்கும்போது இந்தப் பிழை அதிகம். நெடில் விழும் இடத்தில் நீண்ட சுரத்தை வையுங்கள். எழுதியதை மெட்டில்லாமல் நாலு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சொல்லுக்குள்ளேயே தாளம் கிடக்கும்.

பிறகு சுருதி. தனியாகப் பாடும் பெண்ணுக்கு ஐந்து கட்டை, ஆணுக்கு ஒன்று, இரண்டு என்று வசதி வேறுபடும். சபைக்கென்றால் பாட்டு முழுவதும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கட்டும். உச்சத்தில் ஒரு அழகான சங்கதி வைத்து, அந்த இடத்தில் ஆச்சிமார் எல்லாம் வாயை மூடினால் அந்தச் சங்கதியால் என்ன பயன்?

ஒப்பாரி, அம்பா, கூத்து மெட்டுகளில் பாடலாமா? அவை செத்தவீட்டுக்கும் கடலுக்கும் உரியவை என்கிறார்களே.

தாராளமாகப் பாடலாம், அந்த மெட்டை வைத்திருக்கும் ஆக்களிடம் கேட்டுப் படித்துப் பாடுங்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். சபைப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? மன்னாரில் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வேதக் கதைகளையும் புனிதர் கதைகளையும் கூத்தாக ஆடுகிறார்கள். மலையகக் குடும்பங்கள் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அதைச் சாதியோடு முடிச்சுப் போட்டு ஒதுக்கிவைத்த காலம் போகட்டும். எங்கள் ஒலிவ ஞாயிறு ஊர்வலத்தில் தப்புத்தான் முன்னால் போகும்.

ஒப்பாரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதை மேடையில் அழகுக்காகப் பாட வேண்டாம். பெரிய வெள்ளிக்கு, செத்தவீட்டுக்கு, மே மாத நினைவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா மெட்டில் வசனத்தைப் போட்டுப் பாடினால்?

பாடும்போது சனத்தின் மனதில் படம்தான் ஓடும். மற்றவர் மெட்டை எடுத்துப் பதிவு செய்து வெளியிடுவது சட்டப்படியும் பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கிறது.

கீபோர்ட் இல்லை, வாசிக்கவும் ஆளில்லை.

கைத்தாளம் போதும். பவுலும் சீலாவும் சிறையில் காலைத் தொழுவில் மாட்டிய நிலையில் நடுராத்திரியில் பாடினார்கள்.

நாலைந்து வருடம் ஓடியும் பலன் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

பலன் என்று எதை எண்ணுகிறீர்கள்? ஞானஸ்நானக் கணக்கையா? அந்த அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர். புதன்கிழமை பொழுதுபட முற்றத்தைக் கூட்டி, பாயை விரித்து, எங்களுக்காகக் காத்திருப்பவரும் அவர்தான். 13ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். அவர் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் அவரிடம் கேட்டதில்லை. அவருக்காகத் தினமும் செபிக்கிறேன், அவருடைய மகனுக்காகவும்.

உங்கள் வேதபாடத்துக்கு நாங்களும் வரலாமா?

வாருங்கள். ஒழுங்கையில் விளக்கில்லை, மாரிக்குப் பாம்பு வரும், டோர்ச் கொண்டுவாருங்கள். வேதாகமம் இல்லாவிட்டால் பரவாயில்லை, இரண்டு பேருக்கு ஒன்று இருக்கும். உங்கள் ஊரில் கட்டிய பாட்டு ஏதும் இருந்தால் எழுதாவிட்டாலும் வாயில் கொண்டுவாருங்கள், நாங்கள் திருப்பிப் பாடிப் படித்துக்கொள்வோம். இந்த மாதம் 22ஆம் சங்கீதத்தில் நிற்கிறோம்.